கைகாட்டியின் வலது கை

கட்டடம் எழும்பும் இடத்தில் கீழே நின்று கிரேனுக்குச் சைகை கொடுப்பது அவர் வேலை. அதனால் எல்லாருக்கும் அவர் கைகாட்டி. மேலே கூண்டுக்குள் உட்கார்ந்து, அந்தக் கையை மட்டும் நம்பிப் பாரம் தூக்குகிறவன் அவர் மனைவியின் அண்ணன். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்க வேண்டும். கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்க வேண்டும். பதினேழு வருஷத்தில் ஒரு செங்கல்கூடத் தவறி விழுந்ததில்லை.

"சைகை புரியலைன்னா லிவரைத் தொடாதீங்க மச்சான். நீங்களா ஒண்ணை நெனச்சுக்கிட்டு இழுத்துடாதீங்க" என்பார்.

ஒரு காலையில், இறங்கிக்கொண்டிருந்த கம்பிக்கட்டு பாதியில் மேலே ஏறியது. விரல் மேலே நீண்டு சுழன்றது, இவன் தூக்கினான். கீழே கூச்சல்.

இறங்கி வந்து கேட்டான். "என்ன மாப்ள, கம்பிய ஊஞ்சல்ல வெச்சு ஆட்டுறீங்களா?"

"நான் சுத்தலை மச்சான். அதுவா சுத்துது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் அந்தக் கை தண்ணீர் டம்ளரைச் சுவரில் வீசியது. தூக்கத்தில் மட்டும் அடங்கிக் கிடந்தது. மூளைக்குள் ஆழத்தில் கட்டி, நிணநீர்ப் புற்றுநோய் என்றார் டாக்டர். அது இப்படிக் கையை ஆட்டிவைப்பது அபூர்வமாம்.

"அபூர்வமானது கிடைக்கணும்னா லாட்டரில கிடைச்சிருக்கக் கூடாதா?" என்றார் கைகாட்டி.

ஸ்டீராய்டு ஏற்றியதும் பன்னிரண்டு நாள் கை ஓய்ந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். பதின்மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்தது. கீமோ இரண்டு சுற்று முடிவதற்குள் பேச்சும் போய்விட்டது.

மூன்றாவது சுற்றை உடம்பு தாங்காமல் போகலாம், வேண்டாமென்றால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், வீட்டார்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர்.

தங்கை அவனைக் கட்டிலருகே இழுத்தாள். "அவர் கையை உன்னைவிட யாருக்குண்ணே தெரியும்? என்ன சொல்றாருன்னு பாரு."

பார்த்தான். கை மேலே போனது, பக்கவாட்டில் வீசியது, கட்டில் கம்பியில் மோதியது, கீழே விழுந்தது. அதில் சொல் எதுவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"மெல்ல இறக்கச் சொல்றாரும்மா."

கீமோ வேண்டாமென்று அவள் கையெழுத்துப் போட்டாள்.

நான்காம் நாள் மதியம் கை நின்றது. "நல்லாத் தூங்குறாருண்ணே" என்றாள், குரலைத் தாழ்த்தி. அவன் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிடப் போனான்.

இப்போதும் கேட்கிறாள்: "நெஜமா அப்படித்தானே சொன்னாரு?"

"ஆமாம்மா."

கீழே வேறொருவர் நின்று கை காட்டுகிறார். தெளிவான சைகைதான். ஆனாலும் அவர் இரண்டாம் முறை காட்டும்வரை இவன் லிவரைத் தொடுவதில்லை.