சீட்டு மாறிய கடல்

பல கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அக்காவின் வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. பக்கத்து வீட்டு வாசற்படிகூட நனையவில்லை. குழாய் ரிப்பேர்காரர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "இது நம்ம வேலை இல்லம்மா" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேத்தியின் தொட்டிலை உயர ஏற்றிக் கட்டிவிட்டு அக்கா தங்கைக்குப் போன் செய்தாள். "ஏண்டி, உங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சவங்கதானே? இது எந்தக் கடல்னு கேட்டுச் சொல்லேன்."

தங்கைக்குக் கேட்காமலே தெரிந்தது. அருங்காட்சியகத்தின் புதைபடிவப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகச் சீட்டு எழுதுகிறவள் அவள். எந்தக் கல் எந்த மண்ணில் கிடைத்தது என்பதைச் சீட்டுதான் சொல்லும்; சீட்டு போனால் கல் வெறும் கல். வேலைக்குச் சேர்ந்த வாரம், அக்கா வீட்டுக் கிணறு தோண்டியபோது கிடைத்த இலைக் கல்லையும், தன் வீட்டுக் கொல்லையில் கிடைத்த, கல்லாகிப்போன சிப்பிகளையும் ஒரே பையில் கொண்டுவந்தாள். அவசரத்தில் சீட்டுகளை மாற்றி வைத்துவிட்டாள். மறுமாதமே தெரிந்தும், வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. பிரிவுத் தலைவர் அந்தச் சிப்பிகளை ஒன்பது வருஷம் அளந்து பார்த்து, ஆதிக்கடல் அக்கா வீடுவரை இருந்தது என்று முடிவு கட்டினார். சிப்பிகளைச் சீட்டோடு கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்தார். வைத்தது அந்தச் செவ்வாய்க்கிழமை, பத்தேகாலுக்கு.

வியாழனன்று அலைக்கும் தொட்டிலுக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம். தங்கை தலைவரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "தப்புன்னு நீ சொல்ற. சரின்னு கடலே வந்து சொல்லுது. நான் யாரைம்மா நம்பறது?"

சீட்டைக் கிழித்துப் போடலாம். ஆனால் சீட்டில்லாத கடல் யார் வீட்டுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? அவள் தையல்காரரான தன் கணவருக்குப் போன் செய்தாள்.

"மெஷினைத் தூக்கி மேஜை மேல வைங்க. தண்ணி வரும்."

"எவ்வளவு?"

"எவ்வளவு இருக்கோ அவ்வளவும்."

பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அக்கா வீட்டுச் சீட்டை எடுத்துவிட்டுத் தன் வீட்டு விலாசம் உள்ள சீட்டைச் சிப்பிகளின் பக்கத்தில் வைத்தாள்.

அக்கா வீடு கால்மணி நேரத்தில் வடிந்தது. சுவரில் ஓர் உப்புக்கோடு நின்றது. தலைவர் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை, சீட்டையும் தொடவில்லை. தங்கை வீட்டில் சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் இப்போது வாசலிலேயே கால்சட்டையை மடித்துக்கொள்கிறார்கள். அலை பெரிதாக இருக்கும் நாட்களில் தையல் கொஞ்சம் கோணும். யாரும் குறை சொல்வதில்லை.