ஏழாவது வாரத்தில் ஓரங்கட்டிய பேருந்து

எங்கள் பேருந்தின் ஓட்டுநருக்கு டிப்போவில் 'புயல்' என்று பெயர். ஆமை வேகத்தில் ஓட்டுவாள் என்பதால் வைத்த கேலிப் பெயர். நான் அவளுடைய நடத்துநர். எத்தனையோ பேரோடு வண்டி ஏறியிருக்கிறேன்; அப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

அன்று நண்பகல். வண்டியில் நாற்பது பேர். வெயில் மண்டையைப் பிளந்தது. அவளோ காலரை இழுத்து மூடிக்கொண்டு நடுங்கினாள். அடுத்த நிறுத்தத்தில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, இதுக்கு மேல முடியாது. உடம்பு நெருப்பா கொதிக்குது."

முன் இருக்கையில் இருந்த அம்மாள் பையைத் துழாவி ஒரு மாத்திரையை எடுத்தாள். "இதைப் போட்டுக்கோ கண்ணு. அஞ்சு நிமிஷத்துல ஜம்முனு ஆயிடுவே."

"வேணாம்மா. டாக்டரைக் கேக்காம எதையும் வாயில வைக்கக் கூடாது." ஒரு நொடி தயங்கினாள். "முழுகாம இருக்கேன். ஏழு வாரம்."

அம்மாள் மாத்திரையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டிப்போவுக்குப் போன் போட்டேன். "இன்னும் நாலு ஸ்டாப்தானே, முடிச்சுட்டுப் போகச் சொல்லு" என்றார் மேலாளர். போனை அவளே வாங்கினாள்.

"சார், பின்னாடி நாப்பது உசுரு, உள்ள ஒண்ணு. இந்த உடம்போட ஓட்ட மாட்டேன். வேற டிரைவரை அனுப்புங்க."

குரலை உயர்த்தவே இல்லை. பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. மாத்திரை நீட்டிய அம்மாளே கைத்தாங்கலாக அவளை எதிர்ப்பக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

மாற்று ஓட்டுநரோடு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவள் கணவன் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றிருந்தான்.

"காய்ச்சலாமே?"

"அதுவும்தான்" என்று சிரித்தாள். அன்று சாயங்காலம்தான் அவனிடம் சொல்வதாக இருந்தாளாம். வண்டி முழுக்கத் தெரிந்த பிறகு அப்பனுக்குத் தெரிந்தது.

பரிசோதனை முடிவோடு டாக்டரம்மா வந்தார். "சிறுநீர்ல கிருமி. தண்ணியே குடிக்கிறதில்லையா?"

"குடிச்சா இறங்கணுமே டாக்டர். எங்க ரூட்டுல கழிவறை எங்க இருக்கு?"

கர்ப்பிணிக்கு ஆகும் மருந்துகளாகப் பார்த்து எழுதினார். எது எதற்கு என்று ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "காய்ச்சலை முத்த விடாம வந்தியே, அதுவே பெரிசு" என்றார் டாக்டரம்மா.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அடுத்த வாரம் ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்த கையோடு மேலாளர் அறைக்குக் கிளம்பினாள்.

"மன்னிப்பு கேக்கவா போறே?" என்றேன்.

"எதுக்குண்ணே? கடைசி ஸ்டாப்புல ஒரு கழிவறையும் பத்து நிமிஷமும் கேக்கப் போறேன்."

விடாமல் கேட்டாள். மூன்று மாதத்தில் கிடைத்தது. பிறகு பெண் குழந்தை, சுகப்பிரசவம், மூன்று கிலோ.

இப்போது நானும் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறேன். இத்தனை வருடம் ஒரு கழிவறை கேட்க எங்களில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.