காரட்டும் சவரக்கத்தியும்

வீட்டில் வெட்டினால் கண்ணாடிபோல் வருகிற 'செக்சன்' என்னும் இலைச் சீவல், பரீட்சைக் கூடத்தில் மட்டும் ஏன் ஆப்பு மாதிரி தடித்துப்போகிறது என்பது ஆசியாவுக்குப் புரியவே இல்லை. அதே சவரக்கத்தி, அதே கை. காரட்டைப் பிளந்து, நடுவில் இலையைச் செருகி, இரண்டையும் சேர்த்துச் சீவ வேண்டும். சீவலின் ஊடாக வெளிச்சம் போனால்தான் மைக்ராஸ்கோப்பில் எதுவும் தெரியும். மதுரையில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள், 1963 மார்ச்சில் இந்தச் செய்முறைத் தேர்வில்தான் தோற்றாள். செப்டம்பரில் இன்னொரு வாய்ப்பு. கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருந்த அத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அதுலயும் போச்சுன்னா படிப்பு போதும். மாப்பிள்ளை பாத்துருவேன்."

ஆசியா காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். கத்தியைத் தீட்டினாள். நின்றுகொண்டு வெட்டினாள். அக்கா ஷம்ஷாத்தைப் பக்கத்தில் நிறுத்தி அதட்டச் சொன்னாள்.

"அடியே, நேரமாச்சு! பேப்பரப் புடுங்கப் போறேன்!" என்று கத்திய ஷம்ஷாத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. செக்சன் மெல்லியதாகத்தான் வந்தது.

ஒருநாள் கடைக்குச் சோறு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஏற்றம் முழுக்க ஓடி வந்தவள், மூச்சிரைக்க அப்படியே உட்கார்ந்து வெட்டிப் பார்த்தாள். ஆப்பு! கூடத்தில் வந்த அதே ஆப்பு.

"லாத்தா, இங்க வாயேன்! கெட்டுப்போச்சு!" என்று அக்காவைக் கூப்பிட்டாள்.

"கெட்டதுக்கா இந்தக் கும்மாளம்?"

பயம் நேராகக் கைக்கு வருவதில்லை. அது நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. நெஞ்சு கையை ஆட்டுகிறது. அப்படியானால் படபடப்போடு பழகிக்கொள்ளலாமே? மறுநாளிலிருந்து வெள்ளனே எழுந்து, மழையோ மஞ்சோ, ஏரிவரை இறங்கிப் போய் வேகமாக ஏறி வந்தாள்.

"கொரங்கா வெரட்டுது? இம்புட்டு வெரசா வந்து காரட்டத்தான அறுக்கப் போற?" என்றாள் ஷம்ஷாத்.

முதலில் மூச்சு அடங்க, பால் பொங்குகிற நேரம் ஆனது. ஆடி முடிவதற்குள், முக்காட்டைச் சரிசெய்கிற நேரமே போதுமென்றானது. அடங்காமல் ஒருநாளும் இருந்ததில்லை. மார்ச்சில் இது அவளுக்குத் தெரியாது. படபடப்பு ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்து, அதை முந்திக்கொள்ள அவசரமாக வெட்டியிருக்கிறாள்.

செப்டம்பரில் கூடத்துக்குள் நுழைந்ததுமே நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. ஆசியா கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா, வெட்டலியா?" என்றார் தேர்வாளர்.

"மூச்சு வாங்குது சார். இப்ப அடங்கிரும்."

"ஸ்டூல்லதான உக்காந்திருக்க?"

மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி, நெஞ்சு இறங்கும்வரை காத்திருந்தாள். இறங்கிய பிறகே வெட்டினாள். தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்த முதல் சீவல் எங்கே இருக்கிறது என்று குனிந்து தேட வேண்டியிருந்தது.