கெட் பேக் டு யூ

மும்பை செம்பூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு நேர்காணல் முடிந்ததும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் கைகுலுக்கி, "வி வில் கெட் பேக் டு யூ" என்றான். மாரிக்கண்ணன் அதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே தாராவி வந்து சேர்ந்தான்.

பதினொன்று படிக்கிற மகள் விஜயலட்சுமி போனில் தேடிச் சொன்னாள்: "நாங்களே திரும்ப உங்களுக்குப் பதில் சொல்லுவோம்னு அர்த்தம்ப்பா."

"சொல்லுவோம்னா சொல்லுவாங்கதான?"

"ஆமாப்பா. அப்படித்தான போட்டுருக்கு."

இருபத்திரண்டு வருசம் பை தைத்து இடுப்பு போயிருந்தது. தைத்த பட்டறையும் மூடிவிட்டது. இனி மிசினில் உட்கார வேண்டாம் என்று அன்று நன்றாகச் சாப்பிட்டான்.

மறுநாள் அப்துல் ரவூப் பாய் தன் பட்டறைக்குக் கூப்பிட்டார். "ஏல, பள்ளிக்கூடப் பை ஆர்டர் வந்திருக்கு. ஒரு மிசின் சும்மா கெடக்கு. உக்காருதியா?"

"ஒரு இடத்துல வாக்கு நிக்கி பாய்."

பாய் சரியென்று தலையாட்டினார். பட்டறைகள் நிறைந்த அந்தச் சந்தில் முதலாளி சேட்டு ஒருவர் 'சொல்லி அனுப்புறேன்' என்றால் அனுப்புவார். அதுவரை ஆள் வேறு மிசினில் உட்கார மாட்டான். உட்கார்ந்தவனை அப்புறம் ஒருத்தரும் நம்புவதில்லை.

பத்து நாள் கக்கூஸுக்குக்கூடப் போனோடு போனான். மாட்டுங்காவில் நாலு வீட்டு வேலை முடித்து வந்த மனைவி முருகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு எட்டு போய்க் கேட்டா என்ன? அது என்ன உமக்கு மாமனார் வீடா, கூப்பிட்டாத்தான் போவேன்னு இருக்கதுக்கு?"

பதினோராம் நாள் போனான். வாசலில் காவலுக்கு நின்ற சுடலைக்கண்ணன் சீத்தா கேம்ப்பில் குடியிருக்கிற தமிழ் ஆள். விவரம் கேட்டுச் சிரித்துவிட்டான்.

"அண்ணாச்சி, அந்த வேலைக்கு ஆள் வந்து ஒரு வாரமாச்சு. வாரவன் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவாங்க. உம்மள வேண்டாம்னு அர்த்தம்."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதான?"

"மூஞ்சிக்கு நேரா சொல்ல அவனுக்குச் சங்கடமா இருக்குமாம்."

அங்கிருந்து நேரே பாய் பட்டறைக்கு வந்தான். அந்த மிசினில் பீகார்க்காரன் ஒருவன் ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தான்.

"ஏழு நாள் மிசினை உனக்குன்னு மூடித்தான் போட்டுருந்தேன் மாரிக்கண்ணா" என்றார் பாய். "முந்தாநாள்தான் இவனை உக்கார வச்சேன். பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள சரக்கு போவணும்லா."

"அடுத்த மிசினு..."

"அடுத்த மிசினு ஏதுல?"

பீகார்க்காரன் தைப்பதை நிறுத்தி நிமிர்ந்தான். வெளிச்சத்தை மறைக்காதே என்று ஹிந்தியில் சொன்னான். மாரிக்கண்ணன் விலகி நின்றான்.