கூடாரத்தைப் போட்டுடு

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் கமாண்டர். கிண்டலுக்கு வைத்தார்கள், அவர் காதில் அது பட்டமாக விழுந்தது. தண்ணீர்ப் பம்பு விற்கிற கம்பெனியில் சுற்றறிக்கை எழுதும் அதிகாரிக்கு யார் சல்யூட் அடிக்கப்போகிறார்கள்? பெயராவது அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சுற்றறிக்கை எழுதி எழுதி அவருக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் கண். வீட்டில் மனைவி "கதவு சாத்துங்க" என்று சொன்னால் போதும்.

"கதவைச் சாத்துங்க. இரண்டாம் வேற்றுமை உருபை ஏன் விழுங்கறே? அது என்ன மாத்திரையா?"

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "மாத்திரையா இருந்தா முதல்ல உங்களுக்குத்தான் குடுத்திருப்பேன்" என்பாள். கதவு அதுவரை திறந்தே கிடக்கும்.

கடைசியில் அந்த 'ஐ' என்ற ஒற்றை எழுத்துதான் அவர் தலையில் கல்லைப் போட்டது.

விஷயம் ஏரிக்கரையில் ஆரம்பித்தது. வார இறுதியில் ஊழியர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் கூடாரமடித்துத் தங்கவைத்தார் முதலாளி. கூடாரம் அவருடையது. அவர் மனைவி ஆசை ஆசையாக வாங்கியது; அந்த முறை மட்டும் அந்தம்மா வரவில்லை. உள்ளே இரண்டு அறை, ஒரு முன்கூடம், கொசுவலை ஜன்னல் எல்லாம் உண்டு. கமாண்டரின் வீட்டில் அத்தனை வசதி கிடையாது. முகாமின் பொறுப்பை அவரே வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். காரணம் எல்லோருக்கும் தெரியும். துணை மேலாளர் நாற்காலி காலியாக இருந்தது. "சொன்னதைச் சொன்னபடி முடிக்கிற ஆளைத்தான் அதுல உட்கார வைப்பேன்" என்று முதலாளி பொதுவாகச் சொல்லிவைத்திருந்தார். கமாண்டருக்கு மட்டும் அது தன் பெயர் போட்டு வந்த கடிதம் மாதிரி கேட்டது.

கிளம்புகிற காலையில் மழை பிடித்துக்கொண்டது. அதற்காகச் சொற்பொழிவை விட முடியுமா? நனைந்த கூடாரத்தின் முன்னால் நின்று, "கூடாரத்தை மடிப்பது ஓர் ஒழுக்கம். உறைக்குள்ளிருந்து வந்தது உறைக்குள் போயே தீரும்" என்று ஆரம்பித்தார். அது போய்த் தீரவில்லை. ஒரு மூலையைத் திணித்தால் மறு மூலை வெளியே எட்டிப் பார்த்தது, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று வாசற்படியைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை மாதிரி. முழங்காலால் அமுக்கினார். உருட்டினார். கடைசியில் கம்பெனியிலேயே கனத்த ஆளான கணக்கரைக் கூப்பிட்டு அதன்மேல் உட்காரச் சொன்னார். கணக்கர் உட்கார்ந்தார். கூடாரம் குடித்திருந்த தண்ணீரெல்லாம் பீய்ச்சிக்கொண்டு போய் முதலாளியின் காலணியில் இறங்கியது.

"ஈரம் சார்," என்றார் கமாண்டர், தோல்விக்குக் காரணம் கிடைத்த நிம்மதியில். "ஈரத்தோட கட்டி வெச்சா பூஞ்சை பிடிச்சிடும். நான் வேணும்னா வீட்டுக்குக் கொண்டுபோய்..."

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஆமா, நீங்களே கொண்டுபோய்ப் போட்டுடுங்க. நல்லபடியா. அப்புறம் அதைப் பத்தி எங்கிட்டப் பேசவே வேண்டாம்."

என்ன நம்பிக்கை! கமாண்டர் ஈரக் கூடாரத்தை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார்.

கூடாரம் வீட்டுக்கு வந்தது என்று சொல்வது சரியில்லை. வீடுதான் கூடாரத்துக்குள் போனது. கூடத்தில் ஈரத்துணி குன்றாகக் கிடந்தது. கம்பிகள் குளியலறையில் சாய்ந்திருந்தன. குளிக்கப் போகிறவர் கும்பிடு போட்டுக்கொண்டே நுழைய வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் தலையில் தூங்கும் பைகள் ஏறி உட்கார்ந்துகொண்டன. காற்று மெத்தையின் வயிற்றில் கடைசியாக மிஞ்சிய காற்று மட்டும் போக மறுத்து, யாராவது மிதித்தால் பெருமூச்சு விட்டது. கமாண்டர் தினமும் அலுவலகத்திலிருந்து வந்து அந்தக் குன்றைப் பார்வையிடுவார். "ஞாயிற்றுக்கிழமை மாடியில கட்டிக் காயவெச்சிடலாம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யும்.

நாற்றம் எடுக்க ஆரம்பித்ததும் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"என்னங்க, இது கூடாரமா, இல்ல உள்ள யாராவது இருக்காங்களா?"

"கொஞ்சம் பொறு. இது துணியில்ல. துணை மேலாளர் நாற்காலி."

"நாற்காலியில இப்படியா வாடை அடிக்கும்?"

அப்புறம் ஒரு நாள் வானம் பளிச்சென்று விட்டது. அவள் அன்று விடுப்பில் வீட்டில் இருந்தாள். அலுவலக ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்ததும் கமாண்டருக்கு உற்சாகம் பொங்கியது. போனை எடுத்தார்.

"வெயில் நல்லா அடிக்குது. இன்னிக்கே கூடாரத்தைப் போட்டுடு."

மறுமுனையில் மூச்சு நின்ற மாதிரி இருந்தது. "நிஜமாவா? கூடாரத்தையா?"

'ஐ' விழாமல் வந்ததில் அவருக்கு ஏக மகிழ்ச்சி. இத்தனை வருஷப் பாடம் வீண்போகவில்லை. "கூடாரத்தைத்தான். கம்பி, முளை, கயிறு, ஒண்ணுவிடாம. உன் தம்பியைக் கூப்பிட்டுக்கோ."

"மெத்தையையும் போட்டுடவா?"

"மெத்தையையும் போடு. எல்லாத்தையும் போடு!"

"சரிங்க!" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவர் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டுக் காலியான நாற்காலி இருந்த அறையை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

மாலை வீட்டுக்கு வந்தவர் நேராக மொட்டை மாடிக்குத்தான் ஏறினார். அங்கே பக்கத்து வீட்டுப் போர்வை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். இல்லை. கைப்பிடிச் சுவரில் தொங்கி, பறந்துகிறந்து கீழே விழுந்ததோ என்று தெருவைப் பார்த்தார். இல்லை. படியிறங்கி வீட்டுக்குள் ஓடினார்.

கூடம் கண்ணாடி மாதிரி இருந்தது. துடைத்து மெழுகிய தரை. சுவரோரமாக ஓர் இரும்பு அலமாரி புதிதாக நின்றது. அதன் பக்கத்தில் மைத்துனன் முதுகைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். அவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். இந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது.

"கூடாரம் எங்கே?" உருபு எதுவும் வேண்டாத முதல் வேற்றுமையில் கேட்டார் கமாண்டர்.

"போட்டாச்சு," என்றாள் மனைவி.

"எங்கே போட்டே?"

"பழைய சாமான் கடையிலதான். வேற எங்க போடுவாங்க? கடைக்காரம்மா நல்ல மாதிரி. கூடாரத்தை எடுத்துக்கிட்டு இந்த அலமாரியைக் குடுத்தாங்க. சாமான் அடுக்கி வைக்க வசதியா இருக்கும்."

"இனிமே அடுக்க சாமான்தான் இல்ல," என்றான் தரையில் கிடந்த மைத்துனன்.

கமாண்டரின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து இலக்கணப்படியோ இலக்கணமில்லாமலோ எதுவும் வரவில்லை. மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"காயப் போடச் சொன்னேன்!" என்று ஒருவழியாகக் குரல் வந்தது. "மாடியில போடச் சொன்னேன்!"

"கூடாரம் போடுன்னு சொல்லியிருந்தா மாடியில போட்டிருப்பேன். நீங்க கூடாரத்தைப் போட்டுடுன்னு சொன்னீங்க. அது போடறது வேற, இது போடறது வேற. நானும் நிஜமாவான்னு கேட்டேனா இல்லையா?"

"எல்லாம் அந்த 'ஐ'யால வந்தது மாமா," என்றான் மைத்துனன். "நாங்கல்லாம் அதை விழுங்கிட்டு நல்லாத்தான் இருக்கோம்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. முதலாளி.

"என்ன, போட்டாச்சா?"

"போ... போட்டாச்சு சார்."

"நல்லபடியா?"

"ரொம்ப நல்லபடியா சார்."

"சபாஷ். இந்தப் பக்கமாத்தான் வந்துக்கிட்டிருக்கோம். அந்த நாற்காலி விஷயமா நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

மைத்துனனை எழுப்பி, அவன் வண்டியிலேயே கடைக்குப் பறந்தார்கள். கடை வாசலிலேயே கமாண்டர் இரண்டாம் முறை உறைந்தார். கூடாரம் பழைய தாள் கட்டுகளின் மேல் பந்தலாகக் கட்டப்பட்டிருந்தது. வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. அதன் நட்டநடுவில், முன்கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையில், வட்டமாக ஒரு துண்டு வெட்டியெடுத்திருந்தது. அந்த ஓட்டை வழியாகத் தராசுச் சங்கிலி இறங்கித் தொங்கியது.

"அதை ஏம்மா வெட்டினீங்க?" என்று அலறினார்.

"தராசு மேல உத்தரத்துல தொங்குது. துணி நடுவுல வந்துச்சு. நான் உத்தரத்தையா வெட்டுவேன்?" என்றார் கடைக்காரம்மா. "வேணும்னா எடுத்துட்டுப் போங்க. என் அலமாரி வந்துடணும்."

"நாளைக்கே வரும்," என்றார் கமாண்டர்.

"யாரு முதுகுல?" என்றான் மைத்துனன்.

கூடாரத்தையும் காற்று மெத்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் மூவருமாக மடிக்க ஆரம்பித்தார்கள். காய்ந்துவிட்டதே, இனி அடங்கிவிடும் என்பது கமாண்டரின் கணக்கு. கூடாரத்துக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. மனைவி ஒரு முனையைப் பிடித்திழுக்க, மைத்துனன் மேலே படுத்துக்கொள்ள, கமாண்டர் ஓட்டையை உள்பக்கமாகத் தள்ளித் தள்ளி மடித்தார். எப்படி மடித்தாலும் ஓட்டை மேலேயே வந்து நின்றது.

"பேசாம விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி. "போட்டாச்சுன்னு சொல்லியாச்சு. அவரும் சபாஷ்னு சொல்லிட்டார்."

"உனக்கு ஒண்ணும் புரியாது. வந்து கண்ணால பார்ப்பார்."

அழைப்பு மணி அடித்தது.

முதலாளி சிரித்த முகத்தோடுதான் உள்ளே வந்தார். "வாழ்த்துகள். நாளையிலேருந்து நீங்க..." என்று ஆரம்பித்தவரின் கண் கூடத்தின் நடுவே போனது. சிரிப்பு அப்படியே நின்றது. பேயைக் கண்டவர் மாதிரி ஓரடி பின்னால் வைத்தார்.

"இது என்ன?" என்றார், காற்றாகப்போன குரலில்.

"உங்க கூடாரம் சார்!"

"போட்டாச்சுன்னு சொன்னீங்களே!"

"போட்டேன் சார். போட்டுட்டு, திரும்ப எடுத்துட்டேன்."

"ஏன்யா எடுத்தீங்க?" முதலாளி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்தார். "தொலைச்சுத் தலைமுழுகத்தானே உங்ககிட்டக் குடுத்தேன்! ஒவ்வொரு தடவையும் இதை உறையில போடறதுக்குள்ள எங்களுக்குள்ள பெரிய சண்டை. இதை மடிக்கப்போய் எங்க குடும்பமே மடிஞ்சுடும்போல இருந்தது. மூடுங்க, ஏதாவது போட்டு மூடுங்க, அவ கீழே கார்ல..."

கமாண்டருக்கு அன்றைய மூன்றாவது அதிர்ச்சி அது. மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. ஏரிக்கரையில் முதலாளி சொன்ன 'போட்டுடுங்க'வும் இந்தத் 'தூக்கிப் போட்டுடு'தான்! இலக்கணம் தெரிந்த தனக்கு விளங்காதது, உருபு விழுங்குகிற மனைவிக்கு, முதலாளியையே பார்க்காமல், விளங்கியிருக்கிறது. அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூட அந்த வீட்டில் அவ்வளவு பெரிய துணி ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் மூட வேண்டியிருந்தது.

"ஏங்க, கீழே ஒரே புழுக்கம், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு..." என்று சொல்லிக்கொண்டே முதலாளியம்மா படியேறி வந்துவிட்டார். வந்தவர் வாசலிலேயே நின்றார். கண்கள் விரிந்தன.

"நம்ம கூடாரம்! காத்துல அடிச்சுக்கிட்டு ஏரியில போயிடுச்சுன்னு சொன்னீங்களே?"

மைத்துனன் எழுந்து நின்றதில் காற்று மெத்தை மட்டும் ஒரு பெருமூச்சு விட்டது. முதலாளி கமாண்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு நாற்காலியே இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஏதோ ஒரு பொய் தானாக வந்து எல்லோரையும் காப்பாற்றியிருக்கும். மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் ஒரு பிழை காதில் விழுந்துவிட்டதே! வியாதி நாற்காலியைவிடப் பெரியது.

"இல்லம்மா," என்றார் கமாண்டர் பணிவாக. "ஏரிக்குப் போனது உண்மை. அது நாலாம் வேற்றுமை. ஏரியில போகலை. ஏரியிலன்னா ஏழாம் வேற்றுமை, அர்த்தமே மாறிடும். நான்தான் பத்திரமா எடுத்து வெச்சிருந்தேன்."

முதலாளி கண்களை மூடிக்கொண்டார்.

முதலாளியம்மா கமாண்டரை வாயாரப் புகழ்ந்தார். ஓட்டையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானே, ஒட்டுப் போட்டுக்கலாம். அடுத்த வாரமே கிளம்பறோம்" என்றார். கூடாரத்தை ஒரு பக்கம் மைத்துனனும் மறுபக்கம் முதலாளியும் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். முதலாளியின் கழுத்தில் கயிறு ஒன்று சுற்றிக்கொண்டே போயிற்று. அவர் அதை எடுத்துவிடக்கூட இல்லை.

துணை மேலாளர் நாற்காலியில் கணக்கர் உட்கார்ந்தார். உட்காருவதில் அவர் திறமை ஏரிக்கரையிலேயே எல்லோரும் பார்த்ததுதான். அதை அறிவிக்கும் சுற்றறிக்கையைக் கமாண்டர்தான் எழுத வேண்டியிருந்தது. பிழையே இல்லாமல் எழுதினார். கையெழுத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது வீட்டிலிருந்து போன் வந்தது.

"கடைக்காரம்மா வந்து நிக்கறாங்க. அலமாரியைக் குடு, இல்லாட்டி கூடாரத்தைக் குடுங்கறாங்க. என்னங்க செய்யட்டும்? சரியா யோசிச்சுச் சொல்லுங்க."

கமாண்டர் யோசித்தார். அலமாரி குடு என்பதா, அலமாரியைக் குடு என்பதா? இதில் எது எங்கே கொண்டுபோய் விடும்? நெற்றியில் வேர்த்தது. வாழ்க்கையில் முதல் முறையாக உருபை மட்டுமல்ல, பெயர்ச்சொல்லையே சேர்த்து விழுங்கினார்.

"குடுத்துடு," என்றார்.

"எதைங்க?" என்றாள் மனைவி.