நேரில் பரிசோதித்தேன்

திங்கட்கிழமை காலை என்றால் சாப்பாட்டு மேசைக்குத் தட்டுகள் வருவதற்கு முன்பே படிவங்கள் வந்துவிடும். நூறு தாள்கள். பெயர் இருக்காது, தேதி இருக்காது. அடியில் மட்டும் அச்சடித்த ஒரு வரி: ‘மேற்கண்டவரை நான் நேரில் பரிசோதித்தேன். சிகிச்சைக்குத் தகுதியானவர்.’ அதற்குக் கீழே மருமகள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டு முடித்த கட்டு மாடிப்படி இறங்கிக் கடைக்குப் போகும். அவள் சமையலறைக்குப் போவாள்.

அன்று அவள் பேனாவைத் தொடவில்லை.

"என்ன, கை வலிக்குதா?" என்றார் மாமியார்.

குரலில்தான் கோபம் இருந்தது. பத்து நாளைக்கு முன் சுருக்கம் போக நெற்றியில் போட்டுக்கொண்ட ஊசி, முகத்திலிருந்து கோபத்தையும் கவலையையும் ஒன்றாகத் துடைத்துவிட்டிருந்தது. இதில் நான்கு நாளாக இடது இமை வேறு இறங்கிப் பாதிக் கண்ணை மூடியிருந்தது.

"கை நல்லாத்தான் இருக்கு, அத்தை. நம்ம லேசர்ல அந்த டீச்சருக்குக் கன்னம் வெந்துபோச்சே, அவங்க பேப்பர்லயும் இதே கையெழுத்துதான் இருக்கு."

"அதுக்குத்தானே பதினோரு மணிக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வர்றாரு. உன் டாக்டர் கோட்ட நானே இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். ஒரு மணி நேரம் கீழ வந்து உக்காரு. டீச்சரப் பாத்தேன், நல்லாத்தான் இருந்தாங்கன்னு சொல்லு. அவ வீட்டுக்குப் போயி வெயில்ல நின்னா நாம என்ன பண்றது?"

கணவன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "அம்மா சொல்றதுக்குத் தலைய மட்டும் ஆட்டு, போதும்" என்றான். அவனுக்கு அது பழக்கமான வேலை.

மாமியார் கெட்டிக்காரி. புருவம் திருத்தும் சின்னக் கடையாகத் தொடங்கியதை, லேசர், ஊசி எல்லாம் உள்ள அழகு கிளினிக்காக வளர்த்தவர். அதற்கு டாக்டர் மேற்பார்வை கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, மற்ற கடைக்காரர்கள் வயதான டாக்டர்களின் பெயரை மாத வாடகைக்கு எடுத்தார்கள். இவர் மகனுக்குப் பெண் பார்த்தார். வாடகை டாக்டர் ஒருநாள் விட்டுவிட்டுப் போய்விடுவார். மருமகள் எங்கே போவாள்?

"நகை வேணாம், பாத்திரம் பண்டம் வேணாம். பொண்ணு படிச்ச படிப்பு ஒண்ணு போதும்" என்று பெண் பார்க்க வந்த அன்று அவர் சொன்னபோது, பெண்ணின் அப்பா கண் கலங்கிவிட்டார். அப்படிப்பட்ட பெருந்தன்மையை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

அந்தப் படிப்பு இப்போது கீழே, வரவேற்பு மேசைக்கு மேல், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதற்கென்று தனியாக ஒரு சின்ன விளக்கு. படித்தவள் மேலே இருந்தாள்.

கல்யாணமான முதல் மாதம் அவளும் கீழேதான் உட்கார்ந்தாள். வந்தவர்களிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். கர்ப்பிணி ஒருத்தியையும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரையும், இன்னும் நாலு பேரையும் திருப்பி அனுப்பினாள். ஏழாவது ஆள் எழுந்தபோது மாமியார் வந்து தோளில் கைவைத்தார்.

"டாக்டரப் பாத்தாலே வர்றவங்களுக்கு நோய் ஞாபகம் வருதும்மா. நீ வீட்டப் பாத்துக்க. உன் பேரு கடையப் பாத்துக்கட்டும்."

ஊசி போடும் வேலை, புருவம் திருத்திக்கொண்டிருந்த பெண்ணுக்குப் போனது. இரண்டு நாள் பயிற்சி. கடையில் எல்லாரும் அவளை ஊசிக்காரி என்றே கூப்பிட்டார்கள். இன்று பத்தரை மணிக்கு அவள் மேலே ஓடிவந்தாள்.

"அக்கா, அம்மா என்னைய கூப்பிட்டு, வலது கண்ணுலயும் ஒரு ஊசி போட்டு ரெண்டையும் சமமா இறக்கிடுங்கிறாங்க. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள வேணுமாம். போடலாமாக்கா?"

"போடாத. நான் சொன்னேன்னு சொல்லு."

"கீழ அந்த டீச்சரும் வந்து உக்காந்திருக்காங்கக்கா."

ஒன்பது நாளைக்கு முன் டீச்சர் கன்னத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றது மருமகளுக்குத் தெரியும். டாக்டர் வெளிநாட்டில் மாநாட்டுக்குப் போயிருக்கிறார் என்று மாமியார் சொன்னதும் கேட்டது. டாக்டர் அப்போது மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முகப்பருவுக்காக டீச்சர் சாப்பிட்டுவந்த மாத்திரை, தோலை வெளிச்சம் தாங்காதபடி செய்யும் மாத்திரை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்க வேண்டியவள் உரித்த பட்டாணியைக் கழுவப் போனாள்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். இஸ்திரி நன்றாகவே இருந்தது. போன வாரம் கையெழுத்திட்டதில் மிச்சமிருந்த படிவக் கட்டுக்காகக் கீழே போய் வரவேற்பு மேசை இழுப்பறையைத் திறந்தாள். எடுத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். குளிர்ந்த பானத்தைக் குடித்தார். சட்டத்துக்குள் இருந்த சான்றிதழைப் படித்தார். டீச்சரின் படிவத்தைப் படித்தார். வாசல் பெஞ்சில் இருந்த டீச்சரைப் பார்க்க அவருக்கு நேரம் அமையவில்லை.

"நேர்ல பரிசோதிச்சதா எழுதியிருக்கு. டாக்டரம்மா கையெழுத்துதானே இது?"

"என் கையெழுத்துதான். ஆனா நான் அவங்களப் பாக்கல. இந்தக் கடையில ஒரு வருஷமா யாரையுமே பாக்கல."

கணவன் இருமினான். மாமியார், "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல சார் அவளுக்கு" என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு வருத்தமாக இருந்தது. ஒழுங்காக இருக்கும் ஒரு காகிதத்தை உண்மை வந்து கெடுப்பது அவருக்குப் பிடிக்காது. "கையெழுத்து இருக்கு, சான்றிதழ் இருக்கு, நீங்களும் இங்கதான் இருக்கீங்க. எல்லாம் சரியா இருக்கும்போது எதுக்கும்மா நீங்களா இழுத்து விட்டுக்கிறீங்க?"

அவள் கட்டை அவர் முன் வைத்துப் பிரித்தாள். நாற்பத்து மூன்று படிவங்கள். எல்லாவற்றிலும் கையெழுத்து. ஒன்றில்கூடப் பெயர் இல்லை.

"இந்த நாப்பத்து மூணு பேரையும் நான் நேர்ல பாத்துட்டேன் சார். அவங்கதான் இன்னும் கடைக்கு வரல."

பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சிரித்த டீச்சர் உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். சிரித்தால் வலித்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்தினார். "இத நான் பாக்கலைன்னு வச்சுக்கலாம்மா. இது வெளிய வந்தா முதல்ல போறது உங்க டாக்டர் பதிவுதான். படிச்ச படிப்பு வீணாப் போயிடும்."

"அது ஒரு வருஷமா வீணாத்தான் தொங்குது. நான் பாக்காமலே பாத்தேன்னு எழுதினேன். நீங்க பாத்துட்டுப் பாக்கலைன்னு எழுதப்போறீங்களா?"

இப்போது பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாட்சி இருக்கும் இடத்தில் இன்ஸ்பெக்டர் நேர்மையானவர். பேனாவைத் திறந்தார். லேசர் அறைக்கு முத்திரை. படிவங்கள் பறிமுதல். ‘மருத்துவர் மீதும் உரிமையாளர் மீதும் விசாரணை’ என்று எழுதினார். மருமகள் படித்துப் பார்த்து, அதிலும் கையெழுத்துப் போட்டாள். ஒரு தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டு எத்தனை நாளாகிறது என்று தோன்றியது.

அவர் போனதும் கணவன், "குடும்பத்தையே கவுத்துட்டியே!" என்று கத்தினான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிச் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றினாள். தூசியைக் கோட்டின் கையால் துடைத்து, பிடித்துக்கொள்ளச் சொல்லி ஊசிக்காரியிடம் கொடுத்தாள். சுவரில் வெளிறிய ஒரு சதுரம் நின்றது. விளக்கு அதற்குச் சிரத்தையாக வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

மாமியார் எல்லாவற்றையும் ஒன்றரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். வையத்தான் வந்தார். பக்கத்தில் வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"அது கெடக்கட்டும். இந்தக் கண்ணு இப்படியே நின்னுடுமா? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

மருமகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எதுவும் எழுதாத, கையெழுத்தும் இல்லாத ஒரு தாளை எடுத்துத் தேதி போட்டாள்.

"பாக்குறேன் அத்தை. பெஞ்சுல உக்காருங்க. முதல்ல டீச்சர். அவங்க ஒன்பது நாளா காத்திருக்காங்க."

டீச்சர் எழுந்து வந்து கைக்குட்டையை எடுத்தார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

தான் போட்ட பெஞ்சில் மாமியார் முதன்முறையாக உட்கார்ந்தார். முகத்தைச் சுளிக்கத்தான் பார்த்தார். நெற்றி ஒத்துழைக்கவில்லை.