உச்சிக்கு எந்த லென்ஸ்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் அவனை உச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவன். காலையில் ஏணியைப் பிடித்து ஏறினால் சாயங்காலம் வரை அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு குளியலறை அளவுள்ள கண்ணாடிக் கேபினுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பான். பத்தொன்பது வருஷமாக அதுதான் அவன் இடம். கீழே இருந்து பேச்சுத்துணைக்கு வாக்கி-டாக்கி மட்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய கேமரா வாங்கினான். அதிலிருந்து பித்துப் பிடித்துவிட்டது. சும்மா கிடக்கும் நேரமெல்லாம் கேபினிலிருந்து படம் எடுப்பான். விடியலில் ஊரே பனிக்குள் முழுகிக் கிடப்பது, மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாமல் நிற்பது என்று அவன் கண்ணில் படாதது கிடையாது. ஆனால் எடுத்த படத்தைப் பார்த்தால் வயிறெரியும். கண் பார்த்ததில் கால்வாசிகூட அதில் இருக்காது. கேமராவோடு வந்த லென்ஸ் அவ்வளவுதான் பிடிக்கும்.

"எனக்கு வைடு லென்ஸ்தான் வேணும். மொத்தத்தையும் ஒரே படத்துல அடக்கணும்" என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றான்.

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்தே கிடந்து கழுத்து வலியோடு வருவாள். "வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா வாங்கிட்டு அடுத்த மாசம் இன்னொண்ணு வேணும்னு வந்து நிக்காதீங்க. ஒரு தடவை வாடகைக்கு எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றாள்.

அது நியாயமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கேமரா கடைக்குப் போனான். கடையை நடத்துகிற அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பிரித்துப்போட்ட ஒரு கேமராவின் திருகாணிகளைத் தேநீர் டப்பா மூடியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வைடா? அடடா, காலையிலதான் ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு. திங்கள்கிழமைதான் வரும்."

உச்சியின் முகம் தொங்கிப்போனது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போகாதீங்க" என்று அலமாரியிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு டெலி லென்ஸை எடுத்து வைத்தாள். "தூரத்துல இருக்கிறதை இழுத்துக் காட்டும். ரெண்டு நாள் வெச்சிருந்து பாருங்க."

"நான் இருக்கிற இடத்துக்கு இது எதுக்குக்கா? எனக்கு இழுக்க வேண்டாம், விரிக்கணும்."

"கைக்கு வந்ததைப் பாருங்க தம்பி."

வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கி வந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. எட்டாவது மாடிக்குத் தளம் போட வேண்டும். சாயங்காலம் வரவேண்டிய கான்கிரீட் லாரிகள் மூன்றும் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டன. கம்பி கட்டுகிறவர்களும் பலகை அடிக்கிறவர்களும் எஞ்சினியரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. கீழே நின்று உச்சிக்குச் சைகை காட்டுகிறவரின் குரல். அந்தத் தொண்டைக்குக் கருவியே தேவையில்லை என்பதால் அவருக்குச் சைரன் என்று பெயர்.

"மாப்ளே, இன்னும் அரை மணி நேரம் ஆகுமாம். கொக்கியை ஏத்திட்டு சும்மா இரு. தூங்கிடாதே."

"சரி மாமா."

கொக்கியை மேலே ஏற்றி, பிரேக்கைப் போட்டான். சூரியன் முதுகுப்பக்கம் இறங்கியிருந்தது. எதிரே, ஊர் முடிகிற இடத்தில், நிலா எழும்பிக்கொண்டிருந்தது. முழு நிலா. செங்கல் நிறத்தில், புகையைத் தள்ளிக்கொண்டு.

சரி, இருக்கிற லென்ஸுக்கு வேறு என்ன வேலை என்று ஜன்னலைத் திறந்து, துண்டை மடித்துச் சட்டத்தின்மேல் போட்டு, அதில் லென்ஸைச் சாய்த்துக் கண்ணை வைத்தான்.

முதலில் அவன் பார்த்தது நிலாவை அல்ல, தன் ஆட்டத்தை. நிலா இடமும் வலமுமாக மெல்ல ஊஞ்சலாடியது. கிரேன் காற்றில் அசையும் என்பது அவன் உடம்புக்குப் பழக்கம்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் அதைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே நிற்பது நிலா, ஆடுவது அவன். உள்ளங்கால் கூசியது. கொஞ்ச நேரம் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

மறுபடி பார்த்தபோது நிலாவின்மேல் ஒரு கரும்புள்ளி ஓடியது. தூசி என்று நினைத்தான். லென்ஸைத் துடைத்தான். மறுபடி இரண்டு புள்ளிகள். பின்னாலேயே ஐந்து. புள்ளிகளுக்கு நீண்ட கழுத்து இருந்தது. இறக்கை இருந்தது. இறக்கை மேலும் கீழும் போனது.

பறவைகள். நிலாவின் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் மறைந்தன. கேமராவைத் தாழ்த்தி வெறுங்கண்ணால் பார்த்தான். வானம் காலி. ஒரு காக்கைகூட இல்லை. மறுபடி கண்ணை வைத்தான். பதினொன்று, வரிசையாக.

இந்தத் துளி வட்டத்துக்குள்ளேயே இத்தனை என்றால், வட்டத்துக்கு வெளியே? இடப்பக்கம், வலப்பக்கம், தன் தலைக்கு மேலே? காலி என்று நினைத்த வானம் முழுக்க நெரிசல். பாலத்தில் லாரி மாட்டிக்கொண்டதைவிடப் பெரிய நெரிசல், சத்தமே இல்லாமல்.

வாக்கி-டாக்கியை எடுத்தான். "மாமா, நிலாப் பக்கம் பாருங்க."

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. அதுக்கென்ன இப்போ?"

"பறவை போகுது."

"எங்க? ஒண்ணையும் காணோம். பசி மயக்கமா மாப்ளே?"

"கண்ணுக்குத் தெரியாது மாமா. ரொம்ப தூரத்துல, உயரத்துல போகுது, இருட்டு வேற. லென்ஸ்லதான் தெரியுது. இதோ மூணு. இப்போ ஏழு. ஐயோ, இது எண்ண முடியாது. கழுத்தை நீட்டிக்கிட்டு, ஒண்ணு பின்னால ஒண்ணு…"

சைரன் வாயடைத்து நின்றது அன்றைக்குத்தான் என்று பின்னால் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். உச்சி பேசிக்கொண்டே போனான். வாக்கி-டாக்கிகள் எல்லாம் ஒரே அலைவரிசை என்பதையே மறந்துவிட்டான். மேஸ்திரி இடுப்பிலும் கம்பி கட்டுகிறவர்களின் தலைவர் தோளிலும் வாசல் காவலர் மேசையிலும் அவன் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "ஒரு பெரிய கூட்டம். இப்போ யாருமில்ல. இருங்க, வருது, வருது. கடைசியில ஒண்ணு தனியாப் போகுது. எட்டிப் பிடிச்சிடும்னு நினைக்கிறேன்."

நடுவில் எஞ்சினியரின் குரல் வந்தது. திட்டு விழப்போகிறது.

"எந்தப் பக்கமா போகுது?" என்று கேட்டார் எஞ்சினியர்.

"வடக்கிலிருந்து தெற்கே, சார்."

"ம். சொல்லுங்க."

அப்போதுதான் உச்சி கீழே பார்த்தான். மேலிருந்து பார்த்தால் அவனுக்கு மனிதர்கள் என்றாலே மஞ்சள் தலைக்கவசங்கள்தான். நடக்கும் பொத்தான்கள் மாதிரி. இப்போது அந்தப் பொத்தான்கள் எல்லாம் பின்னால் சாய்ந்து முகங்கள் தெரிந்தன. நாற்பது, ஐம்பது முகங்கள், விளக்கு வெளிச்சத்தில், வானத்தைப் பார்த்தபடி. அங்கே அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சொன்னான் என்பதற்காக.

லென்ஸை மெல்லத் திருப்பினான். கம்பி கட்டுகிற பெரியவர் வாயைத் திறந்தபடி நின்றார். சைரன் நெற்றியில் கை வைத்திருந்தார். எஞ்சினியர் கையிலிருந்த வரைபடம் தளர்ந்து தொங்கியது. இத்தனை வருஷம் இவர்கள் தலைக்கு மேல் டன் கணக்கில் இரும்பைத் தூக்கிப் போயிருக்கிறான். முகங்களை இப்படிப் பார்த்ததில்லை. கேமராவின் பொத்தானை அழுத்தினான்.

அதற்குள் வாசலில் லாரியின் ஹாரன் அலறியது. முகங்கள் மறுபடி பொத்தான்களாயின. உச்சி துண்டை உதறி ஜன்னலைச் சாத்தினான்.

வீட்டில் மனைவி படங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். முந்நூறில் பெரும்பாலானவை கலங்கல். ஒரு படத்தில் மட்டும் நிலா முழுவட்டமாக நிற்க, ஐந்து பறவைகள் தெளிவாக இருந்தன.

"இந்த மாதிரி வட்டத்தை நான் தினமும் பாக்கிறேன்" என்றாள். "கண்ணை வெச்சு ஒரு நிமிஷம் இருந்தா போதும், ஒரு சொட்டு ரத்தத்துக்குள்ள அவ்வளவும் நகர ஆரம்பிச்சிடும். நானும் முதல் நாள் இப்படித்தான் ஆடிப்போயிட்டேன்."

"நீ சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே."

பிறகு அந்த முகங்களின் படம் வந்தது. அவள் அதை வெகுநேரம் நகர்த்தவே இல்லை.

திங்கள்கிழமை கடைக்குப் போனபோது கண்ணாடி மேசைமேல் வைடு லென்ஸ் தயாராக இருந்தது. "நீங்க கேட்டது வந்துடுச்சு. மாட்டிப் பாருங்க" என்றாள் அக்கா.

மாட்டிப் பார்த்தான். தரை, கூரை, அலமாரி, அக்கா, தெருவில் நின்ற பேருந்து எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தன. அவ்வளவு அழகு. மனசு தடுமாறியது. நாலு வருஷ ஆசை அல்லவா? பக்கத்தில் வைத்த டெலியைப் பார்த்தான். இதைப் பார்த்தான். பேருந்து கிளம்பிப் போய் அடுத்த பேருந்து வந்து நின்றது.

"எது தம்பி?"

"இதுல எடுத்தா நான் தினம் பாக்கிறதெல்லாம் அப்படியே வந்துடும்க்கா. எனக்கு அதுதான் வேணும்னு இருந்தேன். ஆனா…" வார்த்தை கிடைக்காமல் டெலியின்மேல் கை வைத்தான். "அங்க இருந்திருக்குக்கா. இத்தனை வருஷமா என் தலைக்கு மேலதான் இருந்திருக்கு."

அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு டெலியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து அவனிடம் நீட்டினாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை, துணி காயப்போடும் மொட்டைமாடியில் கேமரா முக்காலியை நிறுத்தினான். பகல் வெளிச்சத்தில் பாதி நிலா வெளுத்துப்போய்த் தெரிந்தது. பறவை எதுவும் வரவில்லை. கேமராவின் பின்திரையில் நிலாவை இன்னும் பெரிதாக்கினான். குழிகளும் மேடுகளுமாகத் திரை நிறைந்தது. மனைவி ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே குனிந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "கேமரா நழுவுதுங்க, பிடிங்க" என்றாள்.

"நழுவல. நல்லா இறுக்கித்தான் வெச்சிருக்கேன்."

"பின்ன நிலா நகருதே. பாருங்க, அந்தக் குழி ஓரத்துக்குப் போயிடுச்சு."

உச்சியும் குனிந்தான். உண்மைதான். குழி சட்டத்தின் விளிம்பைத் தொட்டு, வழுக்கி, வெளியே போய்க்கொண்டிருந்தது. அவன் கால் தரையில் இருந்தது. காற்று இல்லை. எதுவும் ஆடவில்லை.

"அது நிலா இல்ல" என்றான் மெதுவாக. "பூமி. நாமதான் சுத்திக்கிட்டிருக்கோம்."

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் சட்டையை நனைத்தது. நிலா திரையை விட்டு முழுசாக வெளியேறும் வரைக்கும் இருவரும் அப்படியே நின்றார்கள்.